ஜெனரிக் டைப் பாராமீட்டரும் மரபுரிமையும் மோதும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

"கம்பைலர் என்னவோ சொல்கிறது, ஒரு கேஸ்ட் போட்டால் போய்விடுகிறது, போட்டுவிடவா?" என்று டீமில் யாராவது கேட்கும்போதெல்லாம் நான் எடுத்துப் பார்க்கும் குறிப்புகள் இவை. கேஸ்ட் என்பது ஒரு மதிப்பை இந்த டைப்பாகவே எடுத்துக்கொள் என்று கம்பைலரை வற்புறுத்துவது. அதைப் போட்டால் பிழை போவதில்லை. கம்பைலர் கையும் களவுமாகப் பிடித்த இடத்திலிருந்து நகர்ந்து, வேறொரு ஃபைலில், வேறொரு நாள், ரன்டைமில் வெடிக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறியிலும் கேஸ்ட் கடைசி வழிதான். பெரும்பாலான இடங்களில் சிக்னேச்சரில் (மெத்தடின் பெயரும் டைப்புகளும் இருக்கும் அறிவிப்பு வரியில்) ஒரு சொல்லை மாற்றினாலே போதும்.

ஜாவாவை வைத்து எழுதியிருக்கிறேன். சி ஷார்ப் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் அதையும் சொல்கிறேன். உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பம்: ஆவணம் தாய் கிளாஸ், ரசீது, கடிதம் இரண்டும் அதன் சேய் கிளாஸ்கள். டைப் பாராமீட்டருக்கு, அதாவது ஜெனரிக் கிளாஸிலோ மெத்தடிலோ பின்னால் நிரப்பப்படும் டைப்பின் இடம்பிடிப்புக்கு, டி என்ற பெயர். கோட் வரிகளும் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன. கீவேர்டுகளை நீங்கள் வழக்கம்போல் தட்டிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

முதல் எரரை மட்டும் படியுங்கள். ஜெனரிக் எரர் ஒன்று வந்தால் அதன் வால் பிடித்துப் பத்து வரும்; மேலே இருப்பதைச் சரிசெய்தால் மீதி தானாகப் போய்விடும்.

அப்புறம் கம்பைலருக்கு -எக்ஸ்லின்ட்:அன்செக்ட், -எக்ஸ்லின்ட்:ராடைப்ஸ் என்ற இரண்டு ஆப்ஷன்களையும் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். இவை இல்லாவிட்டால் "அன்செக்ட் ஆர் அன்சேஃப் ஆபரேஷன்ஸ்" என்று பொதுவாக ஒரு வரி சொல்லிவிட்டு ஜாவா நிறுத்திக்கொள்ளும். எந்த வரி என்று சொல்லாது. கோடில் சப்ரஸ்வார்னிங்ஸ் என்ற குறிப்பு எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ, அதையெல்லாம் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். ஒளிந்திருக்கும் பிழைகளில் பாதி அதற்குக் கீழேதான் இருக்கும்.

## அறிகுறி: லிஸ்ட்<ரசீது> கொடுத்தால், லிஸ்ட்<ஆவணம்> கேட்கும் மெத்தட் வாங்க மறுக்கிறது

எரர் "இன்கம்பாட்டிபிள் டைப்ஸ்" என்று தொடங்கும். ரசீது ஓர் ஆவணம்தானே, ஏன் மறுக்கிறது? ரசீது ஆவணத்தின் சேய். ஆனால் லிஸ்ட்<ரசீது> என்பது லிஸ்ட்<ஆவணம்>-இன் சேய் அல்ல. உள்ளே இருக்கும் டைப்புகளின் உறவு, அவற்றைச் சுமக்கும் கிளாஸுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. அப்படி வர விட்டால், அந்த மெத்தட் உள்ளே போய் உங்கள் ரசீது லிஸ்டில் ஒரு கடிதத்தைச் சேர்த்துவிடலாம்.

### மெத்தடை மாற்றும் உரிமை உங்களிடம் இருந்தால்

அந்த மெத்தட் லிஸ்டை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எடுத்துப் படிக்க மட்டும் செய்கிறதா? சிக்னேச்சரை இப்படி மாற்றுங்கள்:

லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் ஆவணம்>

உள்ளே போட மட்டும் செய்கிறதா? அப்போது திசை தலைகீழ். ரசீதுகளைப் போடும் மெத்தட் லிஸ்ட்<? சூப்பர் ரசீது> என்று கேட்டால், லிஸ்ட்<ரசீது>, லிஸ்ட்<ஆவணம்>, லிஸ்ட்<ஆப்ஜெக்ட்> மூன்றையும் வாங்கிக்கொள்ளும்.

எடுக்கவும் செய்து, எடுத்ததைத் திரும்பப் போடவும் செய்கிறதா? வைல்ட்கார்ட், அதாவது அந்தக் கேள்விக்குறி, இதற்கு உதவாது. மெத்தடுக்கே ஒரு டைப் பாராமீட்டர் கொடுங்கள்: <டி எக்ஸ்டெண்ட்ஸ் ஆவணம்> வாய்ட் வரிசைமாற்று(லிஸ்ட்<டி> பட்டியல்). டி என்னவென்று தெரியாவிட்டாலும், எடுத்ததும் போடுவதும் ஒரே டி என்பது கம்பைலருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்: ரிட்டர்ன் டைப்பில் வைல்ட்கார்ட் வைக்காதீர்கள். மெத்தட் உள்ளே வாங்கும் இடத்தில் அது அழைப்பவருக்கு வசதி. திருப்பித் தரும் இடத்தில் அழைப்பவரின் கோட் முழுக்கக் கேள்விக்குறிகளாகப் பரவிவிடும்.

### மெத்தட் வேறொரு லைப்ரரியில் இருந்தால்

அந்த மெத்தட் படிக்க மட்டும் செய்யும் என்றால் கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட் போதும். அதன் சிக்னேச்சர் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் டி> வாங்கி லிஸ்ட்<டி> தருகிறது. ஆகவே ரசீது லிஸ்டை உள்ளே கொடுத்து ஆவண லிஸ்டாக வெளியே எடுக்கலாம். காப்பியும் இல்லை, கேஸ்டும் இல்லை. இது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான், அவ்வளவு சுத்தமான வழி. மெத்தட் லிஸ்டை மாற்றும் என்றால் நியூ அரேலிஸ்ட்<ஆவணம்>(ரசீதுகள்) என்று காப்பி எடுத்துக் கொடுங்கள்.

"அரே என்றால் வாங்கிக்கொள்கிறதே" என்று லிஸ்டை விட்டுவிட்டு அரேவுக்குத் தாவ வேண்டாம். ஜாவாவில் ரசீது[] என்பதை ஆவணம்[] கேட்கும் இடத்தில் கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் அதற்குள் ஒரு கடிதத்தைப் போட்ட கணத்தில் அரேஸ்டோர்எக்ஸெப்ஷன் வரும். கம்பைலர் செய்திருக்க வேண்டிய வேலை ரன்டைமுக்குப் போய்விட்டது.

### சி ஷார்ப்பில்

லிஸ்ட் இங்கேயும் அப்படியேதான், விட்டுக்கொடுக்காது. ஆனால் 2010-இல் வந்த சி ஷார்ப் 4 முதல், இன்டர்ஃபேஸுக்கும் டெலிகேட்டுக்கும் அவுட் (டி-யை வெளியே தர மட்டும்), இன் (உள்ளே வாங்க மட்டும்) என்ற குறிப்புகள் உண்டு. ஐஇன்யூமரபிள், ஐரீட்ஒன்லிலிஸ்ட் இரண்டிலும் அவுட் இருப்பதால், மெத்தடின் பாராமீட்டரை அவற்றில் ஒன்றாக மாற்றினாலே ரசீது லிஸ்டை வாங்கிக்கொள்ளும். மாற்றிய பிறகும் மறுக்கிறதென்றால் உள்ளே இருப்பது இன்ட் அல்லது ஸ்ட்ரக்ட்டா என்று பாருங்கள். இந்தச் சலுகை ரெஃபரன்ஸ் டைப்புகளுக்கு மட்டும்தான். ஐஇன்யூமரபிள்<இன்ட்>-ஐ ஐஇன்யூமரபிள்<ஆப்ஜெக்ட்>-ஆக மாற்றித் தராது.

## அறிகுறி: வைல்ட்கார்ட் போட்டதும் ஆட் மெத்தட் வேலை செய்யவில்லை, எரரில் "கேப்ச்சர் ஆஃப் ?" வருகிறது

எக்ஸ்டெண்ட்ஸ் போட்ட லிஸ்டில் எதையும் சேர்க்க முடியாது, நல் (வெற்று மதிப்பு) தவிர. ஆவணத்தையே சேர்த்தாலும் மறுக்கும். அந்த லிஸ்ட் ரசீதுகளுக்கானதா கடிதங்களுக்கானதா என்று அதற்குத் தெரியாது. முதலில், உண்மையிலேயே சேர்க்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வேண்டுமானால் சூப்பருக்கு மாறுங்கள். இரண்டும் வேண்டுமானால், மேலே சொன்னபடி மெத்தடுக்கு ஒரு டி. வெளியே தெரியும் சிக்னேச்சரை மாற்ற முடியாத நிலை என்றால், டி உள்ள ஒரு பிரைவேட் மெத்தட் எழுதி, வைல்ட்கார்ட் மெத்தடிலிருந்து அதை அழையுங்கள். கேள்விக்குறிக்கு உள்ளே ஒரு பெயர் கிடைத்துவிடும், எரர் போய்விடும்.

## அறிகுறி: சேய் கிளாஸின் முதல் வரியிலேயே "நாட் வித்தின் பவுண்ட்ஸ்"

தாய் இப்படி இருக்கிறது: கிளாஸ் கிடங்கு<டி எக்ஸ்டெண்ட்ஸ் ஆவணம்>. சேயை இப்படி எழுதியிருப்பீர்கள்: கிளாஸ் பூட்டியகிடங்கு<டி> எக்ஸ்டெண்ட்ஸ் கிடங்கு<டி>.

இரண்டு டி-யும் ஒன்றல்ல. பெயர் மட்டும் ஒன்று. சேயின் டி புதிதாகப் பிறந்தது. தாய் விதித்த வரம்பு (டி ஆவணமாகவோ அதன் சேயாகவோ இருக்க வேண்டும் என்பது) அதற்கு வந்து சேராது. சேயிலும் <டி எக்ஸ்டெண்ட்ஸ் ஆவணம்> என்று திரும்ப எழுதுங்கள், முடிந்தது. தாயைவிட இறுக்கமான வரம்பு கொடுக்கலாம் (ரசீது மட்டும், உதாரணமாக), தளர்த்த முடியாது.

சி ஷார்ப்பில் கிளாஸுக்கு இதே விதிதான், வரம்பைச் சொல்லும் வேர் என்ற கீவேர்டு வரியைத் திரும்ப எழுத வேண்டும். ஆனால் ஜெனரிக் மெத்தடை ஓவர்ரைடு செய்யும்போது (தாயின் மெத்தடைச் சேயில் மாற்றி எழுதும்போது) கதை வேறு: அங்கே தாயின் வரம்பு தானாக வந்துவிடும், திரும்ப எழுதினால் அதுவே எரர்.

## அறிகுறி: "ரசீது கெனாட் பி கன்வர்டட் டு ரசீது"

படித்ததும் தலை சுற்றும், கம்பைலரே குழம்பிவிட்டதோ என்று தோன்றும். இல்லை. கிளாஸ் தலைப்பைப் பாருங்கள்:

கிளாஸ் ரசீதுச்செயலி<ரசீது> எக்ஸ்டெண்ட்ஸ் செயலி<ரசீது>

கிளாஸ் பெயரை ஒட்டியிருக்கும் முதல் <ரசீது> உங்கள் ரசீது கிளாஸைக் குறிக்கவில்லை. "ரசீது" என்ற பெயரில் ஒரு புது டைப் பாராமீட்டரை அறிவிக்கிறது. அது அசல் கிளாஸை மறைத்துவிட்டது. அந்த முதல் <ரசீது>-ஐ அழியுங்கள். கிளாஸில் டி இருக்க, அதே கிளாஸின் மெத்தடுக்கும் <டி> என்று போட்டுவிட்டாலும் இதே அறிகுறி வரும். டைப் பாராமீட்டருக்கு ஓரெழுத்துப் பெயர், கிளாஸுக்கு முழுப் பெயர் என்ற வழக்கத்தை விடாமல் பிடித்திருந்தால் முதலில் சொன்ன பிழை வரவே வராது.

## அறிகுறி: சேயில் மெத்தடை எழுதியும் தாயின் மெத்தடே ஓடுகிறது

பெரும்பாலும் எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. எழுதியது ஓடவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது: சேயின் மெத்தட் மேல் @ஓவர்ரைடு போட்டுக் கம்பைல் செய்யுங்கள். "டஸ் நாட் ஓவர்ரைடு" என்று எரர் வந்தால், நீங்கள் எழுதியது ஓவர்ரைடே இல்லை. அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு மெத்தட்.

காரணங்கள், எளியதிலிருந்து:

தாய் கிளாஸின் டைப்பைக் கொடுக்க மறந்திருக்கலாம். செயலி<டி>-யில் செய்(டி) இருக்கிறது. நீங்கள் எக்ஸ்டெண்ட்ஸ் செயலி என்று வெறுமனே எழுதிவிட்டு, சேயில் செய்(ரசீது) எழுதியிருக்கிறீர்கள். வெறும் செயலி என்றால் தாயின் மெத்தட் செய்(ஆப்ஜெக்ட்) ஆகிவிடும். உங்களுடையது அதோடு பொருந்தாது. எக்ஸ்டெண்ட்ஸ் செயலி<ரசீது> என்று மாற்றுங்கள்.

அல்லது டைப்பைச் சரியாகக் கொடுத்துவிட்டு, மெத்தடை மட்டும் அகலமாக எழுதியிருக்கலாம். எக்ஸ்டெண்ட்ஸ் செயலி<ரசீது>, ஆனால் மெத்தட் செய்(ஆவணம்). பாராமீட்டர் டைப்பை அகலமாக்கினால் அது ஓவர்ரைடு ஆகாது. ரசீதைக் கொடுத்து அழைத்தால், குறுகலாகப் பொருந்தும் தாயின் செய்(ரசீது) முந்திக்கொள்ளும்.

மூன்றாவது வகையில் கம்பைலரே கத்தும்: "நேம் கிளாஷ்... சேம் எரேஷர்". தாயில் வாங்கு(லிஸ்ட்<ஆவணம்>), சேயில் வாங்கு(லிஸ்ட்<ரசீது>). கம்பைல் ஆன பிறகு இரண்டுமே வெறும் வாங்கு(லிஸ்ட்)தான். ஜாவா கோண அடைப்புக்குள் இருப்பதை அழித்துவிடும். ஆனால் ஒன்று மற்றொன்றை ஓவர்ரைடு செய்யவும் இல்லை. சேயின் மெத்தடுக்கு வேறு பெயர் கொடுப்பது மலிவான தீர்வு. உண்மையிலேயே ஓவர்ரைடுதான் வேண்டுமென்றால் தாயை ஜெனரிக் ஆக்க வேண்டும்: தாயில் டி, வாங்கு(லிஸ்ட்<டி>); சேய் டி-யின் இடத்தில் ரசீதைக் கொடுக்கும். தாயை ஏற்கெனவே பலர் பயன்படுத்துகிறார்கள் என்றால் இதைத் தனியாக முடிவு செய்யாதீர்கள்.

## அறிகுறி: "கம்பேரபிள் கெனாட் பி இன்ஹெரிட்டட் வித் டிஃபரன்ட் ஆர்க்யுமென்ட்ஸ்"

ஆவணம் கம்பேரபிள்<ஆவணம்>-ஐ நிறைவேற்றுகிறது. (கம்பேரபிள் என்பது ஒப்பிட்டு வரிசைப்படுத்த வழிசெய்யும் இன்டர்ஃபேஸ்.) ரசீது தன் பங்குக்குக் கம்பேரபிள்<ரசீது>-ஐ நிறைவேற்றப் பார்க்கிறது. ஜாவாவில் ஒரே ஜெனரிக் இன்டர்ஃபேஸை ஒரு கிளாஸ் இரண்டு வேறு டைப்புகளோடு சுமக்க முடியாது. தாய் வழியாக வந்தாலும் அதேதான். இது நீங்கள் எழுதிய கோடின் பிழை அல்ல, மொழியின் எல்லை. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

சேயில் இம்ப்ளிமென்ட்ஸை எடுத்துவிட்டு, ரசீதுகளுக்கென்று தனியாக ஒரு கம்பேரேட்டர் எழுதுங்கள். பத்தில் ஒன்பது இடங்களில் இதுவே சரியான தீர்வும்கூட. ஆவணங்களைத் தேதியால் வரிசைப்படுத்துவதும் ரசீதுகளைத் தொகையால் வரிசைப்படுத்துவதும் இரண்டு வேறு வரிசைகள். இரண்டையும் ஒரே கம்பேர்டூவில் அடைத்தால் கலந்த லிஸ்டில் வரிசை உருப்படாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். சில சமயம் உங்கள் கிளாஸ் சரியாகவே இருக்கும். வரிசைப்படுத்தும் மெத்தடின் வரம்புதான் தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கும். <டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<டி>> என்று எழுதிய மெத்தடுக்கு ஒரு லோக்கல்டேட் லிஸ்டைக் கொடுத்துப் பாருங்கள், மறுக்கும். 2014-இல் ஜாவா 8-உடன் வந்த லோக்கல்டேட், கம்பேரபிள்<லோக்கல்டேட்> அல்ல. மேலே இருக்கும் குரோனோலோக்கல்டேட் என்ற இன்டர்ஃபேஸ் வழியாகக் கம்பேரபிள்<குரோனோலோக்கல்டேட்>. எஸ்கியூஎல் டைம்ஸ்டாம்ப் கிளாஸும் இப்படித்தான். அது ஜாவா யூட்டில் டேட்டின் சேய் என்பதால் கம்பேரபிள்<டேட்> ஆகவே நிற்கிறது. இந்த இரண்டையும் வாங்கிக்கொள்ளும் வரம்பு இது:

<டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<? சூப்பர் டி>>

ஒப்பிடும் திறமை டி-யிடமே இருக்க வேண்டியதில்லை, அதன் முன்னோர் யாரிடமாவது இருந்தால் போதும் என்று பொருள். கலெக்ஷன்ஸ்.சார்ட் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சொந்தமாக ஒப்பிடும் மெத்தட் எழுதுபவர்கள் எல்லோரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

சி ஷார்ப்பில் ஒரே கிளாஸ் ஐகம்பேரபிளை இரண்டு டைப்புகளோடு நிறைவேற்றலாம், தடை இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணான வரிசையைத் தராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

## அறிகுறி: டி-யை நிஜமான கிளாஸ்போல் நடத்தினால் எரர்

வேறுவேறு எரர்கள்தான், ஆனால் வேர் ஒன்றே. டி ஓர் இடம்பிடிப்பு. ரன்டைமில் ஜாவாவுக்கு அது யாரென்று தெரியாது. இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாற்று வழிகளை மட்டும் சொல்கிறேன்.

### நியூ டி()

மெத்தடுக்கோ கன்ஸ்ட்ரக்டருக்கோ ஒரு சப்ளையர்<டி> வாங்குங்கள். கேட்கும்போது புது டி ஒன்றைத் தரும் ஃபங்ஷன் அது. அழைப்பவர் ரசீது::நியூ என்று கொடுத்துவிடுவார். சி ஷார்ப்பில் வேர் டி : நியூ() என்ற வரம்பு போதும், ஆனால் பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டரை மட்டும்தான் அது அழைக்கும். பாராமீட்டர் வேண்டுமென்றால் அங்கேயும் ஃபங்க் என்ற டெலிகேட்டைக் கொடுப்பதுதான் வழி.

### இன்ஸ்டன்ஸ்ஆஃப் டி, டி.கிளாஸ், நியூ டி[10]

கிளாஸ்<டி> ஒன்றைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க அதன் இஸ்இன்ஸ்டன்ஸ், மாற்ற அதன் கேஸ்ட் மெத்தட். அரேவை விட்டு லிஸ்டுக்குப் போகலாமா என்று முதலில் யோசியுங்கள். முடியவே முடியாது என்றால் ரிஃப்ளெக்ஷனில் உள்ள அரே.நியூஇன்ஸ்டன்ஸ்.

### கிளாஸ் உறை<டி> எக்ஸ்டெண்ட்ஸ் டி

சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட்டில் இது ஓடும். அங்கிருந்து வருபவர்கள் ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். இரண்டிலும் டைப் பாராமீட்டரிலிருந்து மரபுரிமை எடுக்கவே முடியாது. டி-யை ஃபீல்டாக உள்ளே வைத்து, தேவையான மெத்தட்களை ஓர் இன்டர்ஃபேஸ் வழியாக அதற்குக் கைமாற்றிவிடுங்கள். டி எந்த கிளாஸாக இருந்தாலும் அதன் எல்லா மெத்தட்களும் தானாக வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் வடிவமைப்பையே மாற்ற வேண்டும். இங்கே டைப் பாராமீட்டர் தவறான கருவி.

### ஜெனரிக் எக்ஸெப்ஷன் கிளாஸ்

ஜாவாவில் த்ரோவபிளின் சேய் எதுவும் ஜெனரிக் ஆக இருக்கக் கூடாது, கேட்ச்(டி) எழுதவும் முடியாது. த்ரோஸ் டி மட்டும் எழுதலாம். கூடுதல் தகவலைச் சாதாரண ஃபீல்டில் வைத்து அனுப்புங்கள். சி ஷார்ப்பில் இந்தத் தடை இல்லை.

### ஸ்டாட்டிக் டி

எழுத முடியாது. இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன்: ஜாவாவில் கிடங்கு<ரசீது>, கிடங்கு<கடிதம்> இரண்டும் ஒரே ஸ்டாட்டிக் ஃபீல்டைப் பகிர்ந்துகொள்ளும். சி ஷார்ப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய கோடில் எண்ணிக்கைகள் விசித்திரமாகக் கூடினாலோ சிதறினாலோ முதலில் இதைப் பாருங்கள். சி ஷார்ப்பில் பொதுவாக ஒன்றே போதும் என்றால், அந்த ஃபீல்டை ஜெனரிக் அல்லாத தாய் கிளாஸுக்கு நகர்த்துங்கள்.

## அறிகுறி: தொடர் அழைப்பு பாதியில் அறுந்துபோகிறது

நியூ ரசீதுக்கட்டுநர்().தலைப்பு("மே").தொகை(500) என்று எழுதினால் தொகை என்ற மெத்தடே இல்லை என்கிறது. தலைப்பு தாய் கிளாஸில் இருக்கிறது. அது திருப்பித் தருவது தாயான கட்டுநர் டைப். அந்த இடத்திலேயே சேயின் அடையாளம் தொலைந்துவிட்டது.

சேயின் மெத்தட்களை முதலில் அழைத்தால் இன்றைக்குத் தப்பிக்கலாம், அவ்வளவுதான். தாயின் மெத்தட்கள் இரண்டு மூன்றுதான் என்றால், அவற்றைச் சேயில் ஓவர்ரைடு செய்து ரிட்டர்ன் டைப்பை ரசீதுக்கட்டுநர் என்று குறுக்குங்கள். ஜாவா 5-இலிருந்து இது முடியும், சி ஷார்ப்பில் 9-ஆம் பதிப்பிலிருந்து.

நிறைய மெத்தட்கள் என்றால்தான் அடுத்த வழி:

கிளாஸ் கட்டுநர்<எஸ் எக்ஸ்டெண்ட்ஸ் கட்டுநர்<எஸ்>>

எஸ் என்பது சேயின் சொந்த டைப். தாயின் மெத்தட்கள் எஸ்-ஐத் திருப்பித் தரும். திஸ்-ஐ எஸ்-ஆகக் கேஸ்ட் செய்யாமல், எஸ் நான்() என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் வைத்து, ஒவ்வொரு சேயும் அதில் ரிட்டர்ன் திஸ் எழுதட்டும். ஏனென்றால் இந்த வரம்பு நாம் நினைப்பதைவிடப் பலவீனமானது. கிளாஸ் கடிதக்கட்டுநர் எக்ஸ்டெண்ட்ஸ் கட்டுநர்<ரசீதுக்கட்டுநர்> என்று யாராவது கை தவறி எழுதினால் வரம்பு அதை அனுமதிக்கும். கேஸ்ட் போட்டிருந்தால் அது ரன்டைமில்தான் தெரியும். அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் இருந்தால், கடிதக்கட்டுநரின் ரிட்டர்ன் திஸ் வரியிலேயே கம்பைலர் நிறுத்திவிடும்.

மூன்றாவது தலைமுறை வந்தால் இந்த முறை திணறும். நடுவில் இருக்கும் கிளாஸும் எஸ்-ஐச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். அதை நேரடியாக நியூ செய்யும் வசதி போய்விடும். அந்த நிலையில் மரபுரிமையை விட்டுவிட்டு, ஒரு கட்டுநருக்குள் இன்னொன்றை வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

## அறிகுறி: கம்பைல் சுத்தமாக ஆகிறது, கேஸ்டே இல்லாத வரியில் கிளாஸ்கேஸ்ட்எக்ஸெப்ஷன்

இருப்பதிலேயே அதிக நேரம் தின்னும் அறிகுறி. ரசீது ர = ரசீதுகள்.கெட்(0) என்ற அப்பாவி வரியில் "கடிதம் கெனாட் பி காஸ்ட் டு ரசீது" என்று வெடிக்கும். வெடித்த வரியை நோண்டிப் பயனில்லை. அங்கே கம்பைலர் தானாகச் சொருகிய கேஸ்ட் தோற்றிருக்கிறது. கடிதம் அந்த லிஸ்டுக்குள் நுழைந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

வார்னிங்குகளைப் பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன இரண்டு எக்ஸ்லின்ட் ஆப்ஷன்களும் காட்டும் ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்குரியது. கோண அடைப்பு இல்லாத வெறும் லிஸ்ட், வெறும் செயலி இவைதான் வழக்கமான குற்றவாளிகள். வெறும் டைப்பில் ஒரு வேரியபிள் வைத்தால் டி மட்டும் அழிவதில்லை. டி-யோடு சம்பந்தமே இல்லாத லிஸ்ட்<ஸ்ட்ரிங்> திருப்பித் தரும் மெத்தட்கூட அந்த வேரியபிள் வழியாக வெறும் லிஸ்ட் ஆகிவிடும். டைப் என்னவென்று தெரியாவிட்டால் செயலி<?> என்றாவது எழுதுங்கள்.

ஸ்டாக் ட்ரேஸின் வரி எண்ணைப் பாருங்கள். அது கிளாஸ் அறிவிப்பு வரியையே காட்டுகிறதா? அப்படியென்றால் வெடித்தது பிரிட்ஜ் மெத்தடில். ரசீதுச்செயலியில் செய்(ரசீது) எழுதினால், செய்(ஆப்ஜெக்ட்) என்று மறைவாக ஒன்றைக் கம்பைலர் உருவாக்கி, அதற்குள் கேஸ்ட் போட்டு உங்களுடையதை அழைக்கும். யாரோ அந்த ஆப்ஜெக்டை வெறும் செயலியாகப் பிடித்து, தவறான டைப்பை அனுப்பியிருக்கிறார்கள். ட்ரேஸில் அதற்கு அடுத்த வரியில் அவர் இருப்பார்.

பொறி வையுங்கள். லிஸ்ட் உருவாகும் இடத்தில் அதைக் கலெக்ஷன்ஸ்.செக்ட்லிஸ்ட்(நியூ அரேலிஸ்ட்<>(), ரசீது.கிளாஸ்) என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். இப்போது எடுக்கும்போது வெடிக்காது. தவறானதைப் போடும் வரியிலேயே வெடிக்கும். ஆயிரம் பிரின்ட் வரிகளைவிட இந்த ஒரு வரி உதவும். பிழை சிக்கியதும் எடுத்துவிடலாம்.

ஜேசான் படிக்கும் இடத்தைப் பாருங்கள். தாய் கிளாஸில் லிஸ்ட்<டி> படி() என்று பொதுவாக ஒன்று எழுதி, அதற்குள் டி-யை நம்பி டைப்பைக் கொடுத்திருந்தால், ரன்டைமில் அந்த டி யாரென்று லைப்ரரிக்குத் தெரியாது. ரசீதுக்குப் பதில் ஏதோ ஒரு மேப் வந்து உட்கார்ந்திருக்கும். "மேப் கெனாட் பி காஸ்ட்" என்ற சாயலில் எரர் வந்தால் இதுதான். ஜேசான் லைப்ரரிகளான ஜீசனின் டைப்டோக்கன், ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸ் இரண்டும், சேய் கிளாஸ் தன் தாய்க்குக் கொடுத்த டைப் கிளாஸ் ஃபைலில் அழியாமல் தங்குகிறது என்பதை நம்பியே இயங்குகின்றன. ஆகவே அங்கே டைப்டோக்கன்<லிஸ்ட்<ரசீது>> என்று நிஜப் பெயர் இருக்க வேண்டும். லிஸ்ட்<டி> என்று இருந்தால் பயனில்லை. டோக்கனைச் சேய் கிளாஸில் உருவாக்கித் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சிக்கவில்லை, வார்னிங்கே இல்லாத உங்கள் கோடில் வெடிக்கிறது என்றால், அழுக்கு நுழைந்த இடம் நீங்கள் சேர்த்திருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி. செக்ட்லிஸ்டில் வெடித்த முழு ஸ்டாக் ட்ரேஸோடு அதைப் பராமரிப்பவர்களிடம் போங்கள். அந்த ட்ரேஸ் இல்லாமல் போனால் "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்ற பதில்தான் வரும், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

## அறிகுறி: வரம்பை மாற்றி வெளியிட்டதும் பிறர் கோடில் நோசச்மெத்தட்எரர்

இங்கே தொடக்கத்திலேயே மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டுவிடுங்கள். முடிந்தால் மாற்றுவதற்கு முன்பே.

<டி> என்றிருந்ததை <டி எக்ஸ்டெண்ட்ஸ் ஆவணம்> என்று இறுக்கியிருப்பீர்கள். உங்கள் ப்ராஜெக்டில் எல்லாம் கம்பைல் ஆகும், டெஸ்டும் ஓடும். ஆனால் டி அழிக்கப்பட்ட பிறகு, முன்பு சேர்(ஆப்ஜெக்ட்) என்றிருந்த மெத்தட் இப்போது சேர்(ஆவணம்) ஆகிவிட்டது. பழைய பதிப்போடு கம்பைல் ஆகி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் கோட், சேர்(ஆப்ஜெக்ட்)டைத் தேடும், கிடைக்காது.

பயன்படுத்துபவர்கள் எல்லோரும் உங்கள் கைக்குள் இருந்தால், எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தாலே போதும். இல்லையென்றால் வரம்பை <டி எக்ஸ்டெண்ட்ஸ் ஆப்ஜெக்ட் & கம்பேரபிள்<? சூப்பர் டி>> என்பதுபோல் எழுதலாம். பல வரம்புகள் இருந்தால் ஜாவா முதலில் இருப்பதைக்கொண்டுதான் அழிக்கும்; ஆகவே சிக்னேச்சர் பழையபடி ஆப்ஜெக்டாகவே நிற்கும். கலெக்ஷன்ஸ்.மேக்ஸில் இருக்கும் விநோதமான ஆப்ஜெக்ட் & இதற்காகவே வைத்தது; 2004-இல் ஜெனரிக் வந்தபோது, அதற்கு முன் கம்பைல் ஆன கோட் உடைந்துவிடக் கூடாது என்று. ஆனால் உங்கள் வரம்பு ஆவணம் போன்ற ஒரு கிளாஸ் என்றால் இந்த வழி கிடையாது, ஆப்ஜெக்டுக்குப் பின்னால் இன்டர்ஃபேஸ் மட்டும்தான் வரலாம். பழைய மெத்தடை அப்படியே விட்டு, புது வரம்போடு வேறு பெயரில் இன்னொன்றைச் சேர்த்து, பழையதை டெப்ரிகேட்டட் என்று குறிப்பதுதான் மிச்சம். எத்தனை வெளியீடுகள்வரை அதை வைத்திருப்பது என்பதை லைப்ரரியின் பதிப்புகளுக்குப் பொறுப்பானவர் சொல்லட்டும். அவரிடம் போகும்போது பழைய, புதிய கிளாஸ் ஃபைல்கள் இரண்டையும் ஜாவாபி கருவியில் -எஸ் ஆப்ஷனோடு ஓட்டி வரும் சிக்னேச்சர்களைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மெத்தட்கள் நகர்ந்திருக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.